தேதி தாண்டிய உலர் மளிகை: உண்ணலாமா, கொட்டலாமா?

நுகர்வோர் அமைப்பின் நிலைப்பாட்டு அறிக்கை

நிலைப்பாட்டின் சுருக்கம்

பாக்கெட்டில் அச்சிட்ட தேதி கடந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக, நன்றாகக் காய்ந்து சுத்தமாக இருக்கும் அரிசியையும் பருப்பையும் பயறையும் குப்பையில் கொட்ட வேண்டியதில்லை. பூசணம் பிடித்த கடலையையும் காறிப்போன மாவையும், தேதி இன்னும் மிச்சம் இருந்தாலும், ஒரு கரண்டிகூட உண்ணக் கூடாது. பொருளைப் பார்த்து முடிவெடுக்கும் இந்த உரிமை வீட்டுக்கு மட்டுமே உண்டு. கடைக்குத் தேதிதான் எல்லை.

இந்த அறிக்கை ஏன்?

மாதச் சாமான் வாங்கும் வீடுகளில் இரண்டு பழக்கங்களைப் பார்க்கிறோம். சிலர் தேதி முடிந்த மறுநாளே பிரிக்காத துவரம் பருப்பைத் தூக்கிப் போடுகிறார்கள். இன்னும் சிலர் வாடை மாறிய மாவைக்கூட "வறுத்தால் சரியாகிவிடும்" என்று அடுப்பில் ஏற்றுகிறார்கள். முதலாவது வீண்செலவு. இரண்டாவது உடம்புக்குக் கேடு. மொசாம்பிக்கிலிருந்தும் மியான்மரிலிருந்தும் துவரை இறக்குமதி செய்யும் நாட்டில் நல்ல பருப்பு குப்பைக்குப் போவது சின்ன விஷயம் இல்லை. 2022இல் உலகில் சுமார் 105 கோடி டன் உணவு வீணானது, அதில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு வீடுகளில் வீணானது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டிருக்கிறது. அதைக் குறைக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு மறுப்பே இல்லை. ஆனால் சிக்கனத்தின் பெயரால் நஞ்சை உண்ணச் சொல்ல மாட்டோம்.

சட்டம் சொல்வது

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி, தயாரித்த அல்லது பாக்கெட் செய்த தேதியையும் 'யூஸ் பை' அல்லது 'எக்ஸ்பைரி' தேதியையும் அச்சிட வேண்டும். 'பெஸ்ட் பிஃபோர்' தேதியை நிறுவனம் விரும்பினால் கூடுதலாகப் போடலாம். 'பெஸ்ட் பிஃபோர்' தரத்தைப் பற்றியது. அந்த நாளுக்குப் பிறகு மணமும் சுவையும் குறையலாம், பொருள் கெட்டிருக்க வேண்டும் என்பதில்லை. 'யூஸ் பை' தேதிக்குப் பிறகு பொருளை விற்கவே கூடாது. காலாவதியான உணவை விற்றால் விற்றவரே பொறுப்பு என்கிறது 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறை இருக்கிறது. இரண்டு நாளில் புளித்துப்போகும் பொருளுக்கும் வருடக் கணக்கில் தாங்கும் மொச்சைக்கும் ஒரே வகைக் கெடுவை அச்சிடுகிறோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் சீக்கிரம் கெட்டு ஆபத்தாகும் உணவுக்குத்தான் 'யூஸ் பை' போடுகிறார்கள். உலர் மளிகைக்கு 'பெஸ்ட் பிஃபோர்' போதும். எல்லாவற்றுக்கும் ஒரே எச்சரிக்கை என்றால், உண்மையில் அஞ்ச வேண்டிய இடத்திலும் மக்கள் அதைப் பொருட்படுத்தாமல் போவார்கள்.

உலர் பொருள் எப்படிக் கெடுகிறது?

கிருமி பெருக ஈரம் வேண்டும். நன்றாகக் காய்ந்த அரிசியிலும் பருப்பிலும் அந்த ஈரம் கிடைப்பதில்லை. அறுவடை நெல்லைக் குதிரில் கொட்டி அடுத்த போகம் வரை சாப்பிட்டதும், துவரையைச் செம்மண் கட்டிக் காயவைத்து வருடம் முழுக்க வைத்துக்கொண்டதும் இதனால்தான். பழைய பருப்பு வேக நேரம் எடுக்கும், சில சமயம் எவ்வளவு விசில் விட்டாலும் குழையாது. அது சமையலுக்குத்தான் தொல்லை.

ஆபத்து மூன்று வழிகளில் வருகிறது.

முதலாவது பூசணம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூடாத டப்பாவுக்குள் காற்றின் ஈரம் இறங்குகிறது. நிலக்கடலை, மக்காச்சோளம், மிளகாய் போன்றவற்றில் வளரும் ஒருவகைப் பூசணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை விடுகிறது. அது கல்லீரலில் புற்றுநோயை உண்டாக்குவது. வீட்டு அடுப்பின் சூடு அதை அழித்துவிடாது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் பழங்குடிக் கிராமங்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டவர்களுக்குக் கல்லீரல் நோய் கண்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தச் சோளம் எந்தத் தேதியும் அச்சிட்ட பாக்கெட்டில் வரவில்லை. ஈரம்தான் அதை நஞ்சாக்கியது.

இரண்டாவது காறல். எண்ணெய்ச் சத்துள்ள பொருள் காற்றுப் பட்டால் சிக்கு வாடை அடிக்கும். முழுக் கம்பு மாதக் கணக்கில் தாங்கும். அரைத்த கம்பு மாவு சில நாட்களிலேயே கசக்கத் தொடங்கும். கடலை, எள், முந்திரி, கொப்பரை, கோதுமை மாவு எல்லாம் இந்த வரிசையில் வருபவை.

மூன்றாவது பூச்சி. ஒரு பிடி பச்சைப் பயறை வெள்ளைத் தட்டில் பரப்பி உற்றுப் பாருங்கள். பயறின் தோலில் ஒட்டிய வெள்ளைப் புள்ளி வண்டு இட்ட முட்டை. உருண்டையான ஓட்டை தெரிந்தால் வண்டு உள்ளே தின்று வளர்ந்து வெளியேறிவிட்டது என்று பொருள், மிஞ்சியது கூடும் தூளும்தான். பழைய மாவில் கண்ணுக்குத் தெரியாத செள்ளும் சேரும். தூசி ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் உள்ளவர்களுக்கு அது மூச்சுத்திணறல் வரை கொண்டுபோகலாம். மாவைச் சமைத்தாலும் இந்த ஆபத்து நீங்காது.

வீடுகளுக்கு எங்கள் பரிந்துரை

1. முழு அரிசி, பருப்பு, பயறு: லேபிளில் எந்தத் தேதி இருந்தாலும், சட்டம் தடுப்பது விற்பனையைத்தான். காய்ந்திருந்து, பூசணமும் மக்கிய வாடையும் பூச்சியும் இல்லாவிட்டால் வீட்டில் சமைக்கலாம். ஓரிரண்டு வண்டு தெரிந்தால் புடைத்து, பொறுக்கி, வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தலாம். பாதிக்கு மேல் உளுத்துப்போனதைக் கொட்டுங்கள்.

2. ரவை, சேமியா, மசாலாத் தூள், அப்பளம், வடகம்: 'பெஸ்ட் பிஃபோர்' மட்டும் கடந்திருந்தால் பார்த்து, முகர்ந்து முடிவெடுக்கலாம். கட்டி தட்டியிருந்தாலோ நூல் கோத்திருந்தாலோ வேண்டாம். 'யூஸ் பை' கடந்திருந்தால் கண்டிப்பாக வேண்டாம்.

3. மாவு, கொட்டை வகைகள், பால் பவுடர், ரெடி மிக்ஸ்: எந்தத் தேதியையும் தாண்டாதீர்கள். சுருங்கி நிறம் மாறிய கடலையைப் பொறுக்கி எறியுங்கள். வாயில் கசந்தால் துப்பிவிடுங்கள், விழுங்காதீர்கள்.

4. கருவாடு: செந்நிறம் படிந்தாலோ வழவழத்தாலோ கழுவிப் பொரித்துச் சமாளிக்க நினைக்க வேண்டாம்.

5. குழந்தை உணவு: ஒரு நாள்கூடச் சலுகை கிடையாது. கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள், முதியவர்கள் ஆகியோருக்கும் தேதிக்கு உட்பட்டதையே சமையுங்கள்.

பாக்கெட்டைப் பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் கொட்டி, தேதி அச்சிட்ட துண்டை வெட்டி உள்ளே போட்டுவையுங்கள். பழையது தீர்ந்த பிறகே புதியதைக் கொட்டுங்கள். மழைக்காலத்தில் மாவும் கடலையும் குறைவாக வாங்குங்கள்.

தானம் பற்றி

தேதி தாண்டிய மளிகையை வீட்டு வேலைக்கு வருபவரிடம் கொடுத்தனுப்புவதையும், வெள்ள நிவாரண மூட்டையில் கட்டி அனுப்புவதையும் எங்கள் அமைப்பு வன்மையாக எதிர்க்கிறது. தன் வீட்டுப் பொருள் எங்கே, எப்படி இருந்தது என்று தெரிந்தவர் தனக்காக முடிவெடுக்கலாம். வாங்கிக்கொள்பவருக்கு அந்த விவரமும் தெரியாது, வேண்டாம் என்று சொல்லும் வசதியும் இல்லை. அன்னதானக் கூடங்களும் விடுதிகளும் கடைக்குரிய விதியையே கடைப்பிடிக்க வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள்

முழு தானியத்துக்கும் பருப்புக்கும் 'பெஸ்ட் பிஃபோர்' தேதி போதும் என்று ஆணையம் விதியைத் திருத்த வேண்டும். 'யூஸ் பை' தேதியை உடல்நலத்துக்கு ஆபத்தாகும் உணவுகளுக்கு மட்டும் ஒதுக்க வேண்டும்.

தேதியையும் அதன் பொருளையும் தமிழிலும், கண்ணாடி போடாதவர் படிக்கும் அளவு எழுத்திலும் அச்சிட வேண்டும். மடிப்பிலும் ஒட்டுப் பகுதியிலும் ஒளித்து அச்சிடுவதை நிறுவனங்கள் கைவிட வேண்டும்.

பழைய தேதியை அழித்துப் புது ஸ்டிக்கர் ஒட்டுபவர்கள் மீதும், காலாவதியான சரக்கைப் பிரித்துச் சில்லறையாகப் பொட்டலம் கட்டி விற்பவர்கள் மீதும் உணவுப் பாதுகாப்புத் துறை வழக்குத் தொடர வேண்டும். காலாவதிச் சரக்கை நிறுவனமே திரும்ப எடுத்துக்கொள்ளும் நடைமுறையைக் கட்டாயமாக்க வேண்டும். சிறு கடைக்காரர் அந்த நட்டத்தைத் தனியாகச் சுமக்கும் வரை, பழைய சரக்கை எப்படியாவது தள்ளிவிடும் நெருக்கடி அவருக்கு இருந்துகொண்டே இருக்கும். அதற்கு விலை கொடுப்பவர் வாங்குபவர்தான்.