ஆடறதுக்கு முன்னாடியே மார்க் போடாதீங்க சாமி

யாங்கோனில் மார்ச் மாசம்னா வெயில் மண்டையைப் பிளக்குது. கரண்ட் எப்ப வரும், எப்ப போகும்னு பஞ்சாங்கம் பார்த்தும் சொல்ல முடியாது. வந்த கேப்புல லேப்டாப்பை சார்ஜ் போட்டு அடிச்ச பதிவு இது. பிழை இருந்தா பொறுத்துக்குங்க மக்களே.

மேட்டர் என்னன்னா, பர்மிய மொழி வகுப்பில் என் பக்கத்து சீட் ஒரு ஜப்பான்காரன். ஹமமாட்சு ஊர்க்காரன். நேத்து டீக்கடை குட்டி ஸ்டூலில் குந்தியிருக்கும்போது போனில் ஒரு பட்டியல் காட்டினான். அவங்க ஊர் பள்ளிக்கூட பேஸ்பால் அணிகளுக்கு விளையாட்டுப் பத்திரிகை போட்ட ஏ, பி, சி கிரேடு. போட்டி இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, அதுக்குள்ள மார்க்!

பேஸ்பால்னா எனக்கு கில்லிக்கு ஒண்ணுவிட்ட தம்பி, அவ்வளவுதான். ஆனா அவன் சொன்ன கதை தூங்க விடலை.

ஜப்பானில் பள்ளி பேஸ்பாலுக்கு கோஷியன் மைதானம்தான் கோயில். வருஷத்துக்கு ரெண்டு திருவிழா. 1915ல் தொடங்கின கோடைப் போட்டிக்கு மாகாணத்துக்கு மாகாணம் நாக்-அவுட் ஆடி, கடைசிவரை தோக்காத அணி மட்டும் போகும். யார் தயவும் வேண்டாம். 1924ல் தொடங்கின வசந்தகாலப் போட்டி அப்படி இல்லை. முந்தின இலையுதிர்கால ஆட்டங்களைப் பார்த்து, ஜனவரியில் ஒரு கமிட்டி உட்கார்ந்து அணிகளைத் தேர்ந்தெடுக்கும்.

2022ல் தோக்காய் வட்டாரத்துக்கு ரெண்டு இடம். வட்டார இறுதி ஆட்டத்துக்கு வந்த ரெண்டு பேருக்கும்தான் கிடைக்கும்னு ஊரே நினைச்சிருக்கு. கமிட்டி என்ன பண்ணிச்சு தெரியுமா? இறுதியில் தோத்த செய்ரெய் கிறிஸ்டோஃபர் பள்ளியை ஒதுக்கிட்டு, அரையிறுதியோட வெளியேறின ஓகாக்கி நிச்சிதாய் பள்ளியை எடுத்தாங்க. சொன்ன காரணம், தனித்தனி ஆட்டக்காரர்களோட பலத்தில் இவங்க ஒரு படி மேலே. ஜப்பானே கொதிச்சுப் போச்சு. செய்ரெய் நம்ம ஆளோட ஊர்ப் பள்ளி வேற.

ஓகாக்கி பசங்க மேல தப்பே இல்லை. கோஷியனில் முதல் ஆட்டத்தை ஜெயிக்கவும் செஞ்சாங்க. "பாத்தியா, கமிட்டி சொன்னது சரி"ன்னு யாராவது சொல்லலாம். எனக்கு அது பதிலாவே படலை. செய்ரெய் பசங்க ஆடியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இனிமே யாருக்கும் தெரியப் போறதில்லை.

எங்க பள்ளியிலும் இப்படி ஒண்ணு நடந்தது. பெயர் வேண்டாம். மண்டல கிரிக்கெட் போட்டிக்கு முன்னாடி எங்களுக்குள்ள ரெண்டு பயிற்சி ஆட்டம் வெச்சாங்க. என் நண்பன் ஒருத்தன் ரெண்டுலயும் சேர்த்து ஏழு விக்கெட். பட்டியல் ஒட்டினப்போ அவன் பேர் இல்லை. "உசரம் பத்தாதுப்பா"ன்னாங்க. ஏழு விக்கெட் எடுத்தப்பவும் அதே உசரம்தானேய்யா! (நான் எத்தனை விக்கெட்னு கேட்டா இந்தப் பதிவு இங்கேயே முடியும் :-) )

ஜப்பான்காரன் கமிட்டிக்காகவும் வாதாடினான், அதையும் சொல்லிடறேன். வசந்தகாலப் போட்டியில் 2001லேருந்து "21ம் நூற்றாண்டு இடம்"னு ஒண்ணு இருக்காம். கஷ்டமான சூழ்நிலையிலும் விடாம ஆடற சின்னப் பள்ளிகளுக்கானது. 2022ல் பனி கொட்டற ததாமி ஊர்ப் பள்ளி அப்படித்தான் உள்ளே வந்தது. நாக்-அவுட் மட்டும் வெச்சா அவங்க கோஷியனை டிவியில்தான் பார்க்கணும்ங்கறான். ஒத்துக்கறேன். ஆனா இல்லாதவனுக்கு ஒரு நாற்காலி கூடுதலாப் போடறது வேற. ஜெயிச்சு உட்காரப் போனவன் நாற்காலியை இழுக்கறது வேற.

இதை இந்த ஊரில் உட்கார்ந்து பேசறதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. 2014ல் 19 வயசுக்குட்பட்டோர் ஆசியக் கால்பந்து மியான்மரில் நடந்தது. மியான்மர் காலிறுதியில் ஐக்கிய அரபு அமீரகத்தை 1-0ன்னு ஜெயிச்சு, அடுத்த வருஷம் நியூசிலாந்தில் நடந்த 20 வயசுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்குப் போச்சு. போட்டி நடத்தற நாடுன்னு ஆசியப் போட்டியில் ஓசி இடம் கிடைச்சது வாஸ்தவம்தான். ஆனா உலகக் கோப்பை டிக்கெட்டை யாரும் ஓசியில் கொடுக்கலை. பலம் பார்த்து கமிட்டி தேர்ந்தெடுத்திருந்தா இவங்க பேரை யார் எழுதியிருப்பா?

அங்கே போய் மூணு ஆட்டமும் தோத்தாங்க. உக்ரைன்கிட்ட ஆறு கோல் வாங்கினாங்க, மறைக்கலை. ஆனா அமெரிக்காவோட ஆடின முதல் ஆட்டத்தில் முதல் கோல் போட்டது யாருன்னு நினைக்கறீங்க? மியான்மர் பசங்கதான். அப்புறம் 1-2ன்னு தோத்தது தனிக்கதை.

செய்ரெய் கதைக்கும் ஒரு பின்குறிப்பு இருக்கு. 2025 கோடையில் அந்தப் பள்ளி மாகாணத்தில் தோக்காம வந்து முதல் முறையா கோஷியனுக்குள்ள நுழைஞ்சது. முதல் ஆட்டத்தை ஜெயிக்கவும் செஞ்சது. எனக்குக் கைதட்டத் தோணுச்சு. அவன் தட்டலை. மேல்நிலைப் பள்ளி அங்கே மூணே வருஷம். 2022 ஜனவரியில் காத்துக்கிட்டிருந்த பசங்க எல்லாரும் அதுக்குள்ள படிப்பை முடிச்சு வெளியே போயாச்சு.

"இந்தத் தடவை உன் கணிப்பு எந்தப் பள்ளி?"ன்னு பட்டியலை என் பக்கம் நீட்டினான். போனை மூடி வைடான்னு சொல்லிட்டு இன்னொரு டீ சொன்னேன்.