குவாய் பாலமும் உக்குவளை ரப்பரும்

இந்த வாரமும் தொலைக்காட்சியில் 'குவாய் நதிப் பாலம்' போட்டார்கள். அந்தப் படத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு. கித்துல்கலையில் களனி கங்கைக்குக் குறுக்கே பாலம் கட்டி, நம் இலங்கை மண்ணில் எடுத்த படம். 1957இல் வெளிவந்து ஏழு ஒஸ்கார் விருதுகளை வென்றது. அதில் பாலம் கட்டிச் சாகிறவர்கள் வெள்ளைக்காரப் போர்க்கைதிகள். சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட 415 கிலோமீற்றர் தண்டவாளத்தில், கைதிகளைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர் மாண்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர் அவர்களில் ஆயிரமாயிரம் பேர். மலேசியாவின் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவலே எழுதியிருக்கிறார். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் அவர்களுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை.

தொலைக்காட்சியை அணைத்த பிறகு மனம் மாத்தளைப் பக்கத்து உக்குவளை ரப்பர் தோட்டங்களுக்குப் போய்விட்டது. திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்புத் தேடிக் கிளம்பியவர்களில் ஒருவர் பினாங்குக் கப்பல் ஏறினார், இன்னொருவர் தலைமன்னாரில் இறங்கினார். இரண்டு பேர் கையிலும் பால்வெட்டுக் கத்தி.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மலாயா ரப்பர் ஜப்பான் வசமானதும், நேச நாடுகள் இயற்கை ரப்பருக்கு இலங்கையைத்தான் பெரிதும் நம்ப வேண்டியதாயிற்று. லொறிக்கும் விமானத்துக்கும் டயர் வேண்டுமே! வழக்கமாக மரத்துக்கு ஓய்வு கொடுத்து, பட்டை மறுபடி வளர விட்டு வெட்டுவார்கள். அப்போதோ மரம் பட்டுப்போனாலும் சரி, பாலை எடு என்றாகிவிட்டது. ஒரே மரத்தில் மேலும் கீழும் வெட்டு. அடுத்த மாதமே ரங்கூனும் விழ, பர்மா அரிசி நின்றது. பங்கீட்டுக் கூப்பனில் அரிசி குறைந்து கோதுமை மாவு வந்தது. அரைவயிற்றோடு மலையேறியவர்தான் இரட்டிப்புப் பால் இறக்க வேண்டியிருந்தது.

சயாமில் அண்ணனை வதைத்த படையை முறியடிக்கத் தம்பி வெட்டிய பாலும் உதவியிருக்கிறது. அந்த உழைப்பை எவரும் குறைசொல்ல நான் விடமாட்டேன். ஆனால் பிரித்தானியப் பேரரசைக் காப்பாற்றியதும் அதே பால்தான். இது ஏகாதிபத்தியப் போர் என்றார்கள் இடதுசாரிகளான சமசமாஜிகள். 1940இல் அடைக்கப்பட்ட அவர்களின் தலைவர் என்.எம். பெரேராவும் தோழர்களும், கொழும்பில் குண்டு விழுந்த இரண்டாம் நாள், 1942 ஏப்ரல் 7இல், கண்டி போகம்பரைச் சிறையிலிருந்து தப்பினார்கள். சோவியத்தை ஹிட்லர் தாக்கிய பின் கம்யூனிஸ்டுகளுக்கு அதுவே மக்கள் போர். நான் பின்னவர் பக்கம் சாய்கிறேன். சயாமைத் தெரிந்துகொண்டு, ஜப்பான் வென்றிருக்கலாம் என்று எந்தத் தமிழனால் சொல்ல முடியும்? ஆனாலும் போர் முடியும்வரை வேலைநிறுத்தம் வேண்டாம் என்று பசித்தவனிடம் அவர்கள் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. பால் வெட்டியவரிடம் இரு சாராரில் யார் வந்து கருத்துக் கேட்டார்கள்?

போர் முடிந்து மூன்றாம் ஆண்டு, 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. டயருக்குப் பால் இறக்கும்போது அவர்களை அந்நியர் என்று யாரும் ஒதுக்கவில்லை.

மாத்தளை வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியில் அந்தக் காலத்துக் கூப்பன் புத்தகமோ தோட்டத்துப் பேர்ப்பதிவான செக்ரோலின் துண்டோ இருந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். எனக்கு எழுதுங்கள், நானே வந்து பார்க்கிறேன்.