கசிந்தது என்று எழுதாதீங்க

ஒரு பையன் பஸ் கண்ணாடி மேல கல்லு விட்டா, மறுநாள் பேப்பர்ல அவனுக்கு எத்தனை பேரு! விஷமி, மர்ம நபர், சமூக விரோதி, நாசகாரன். போலீஸ் பாஷையில கேடி. 1992-ல போட்ட பொதுச் சொத்து சேதத் தடுப்புச் சட்டம் வேற அவன் மேல பாயும். பாயட்டும், அவனுக்குப் பரிஞ்சு பேச நான் வரல.

எங்க பக்கம் மாட்டுக்குக்கூட பேரு உண்டு. அடுத்தவன் பயிரை மேயறது பட்டிமாடு. அதைப் புடிச்சு அடைக்கவே கொண்டித்தொழு இருந்துச்சு. மாட்டுக்காரன் தண்டம் கட்டித்தான் ஓட்டிட்டுப் போகணும். "மாடு தானா போயிடுச்சு"ன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க.

இப்போ எண்ணூருக்கு வாங்க. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளம். மணலி பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாயில இறங்கி, கொசஸ்தலை ஆத்துல சேர்ந்து, முகத்துவாரம் வரைக்கும் போச்சு. காட்டுக்குப்பத்துல படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாம் கருப்பு. சிபிசிஎல் ஆலைக்குள்ள தேங்கின எண்ணெய் வெள்ளத்தோட வெளியேறிடுச்சுன்னு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்லுச்சு. வெளியேறிடுச்சாம்! எண்ணெய்க்குக் கால் முளைச்சுடுச்சு போல. அதே மாசம் 26-ம் தேதி ராத்திரி பெரியகுப்பத்துல உர ஆலைக்குப் போற கடலடிக் குழாயில அமோனியா "கசிந்தது". ஜனங்க மூக்கைப் பொத்திக்கிட்டு ரோட்டுல ஓடினாங்க. அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய் எத்தனையோ வருஷமா "உடைந்தது, உடைந்தது"ன்னே படிக்கிறோம். ஆத்துல சாம்பல் சேறாப் படிஞ்சு, கையால தடவி எறா புடிச்ச ஜனங்க பொழப்பு போச்சு.

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். ஆனா தமிழய்யா சொல்லிக் குடுத்த ஒன்னு மறக்கல. உடைந்தது, உடைத்தது. அழிந்தது, அழித்தது. கவிழ்ந்தது, கவிழ்த்தது. 'ந்' போய் 'த்' வந்தா பின்னாடி ஒரு ஆள் வந்து நின்னுடுவான். கசிந்ததுக்கு மட்டும் அப்படி ஜோடி கிடையாது. "கசித்தான்"னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? அதனாலதான் ஆலைக்காரங்களுக்கு அந்தச் சொல்லு அவ்வளவு புடிச்சிருக்கு.

"வேணும்னா செஞ்சாங்க?"ன்னு கேப்பீங்க. 2017 ஜனவரி 28-ல காமராஜர் துறைமுகம் கிட்ட ரெண்டு கப்பல் மோதினது விபத்துதான், ஒத்துக்கறேன். அதுக்கப்புறம் ஜனங்களை வாளியால எண்ணெய் அள்ள வச்சாங்களே, அது விபத்தா? ஒருத்தன் மடை ஒழுகி பக்கத்து நாத்தங்கால் அழுகுது. மொத தடவை, சரி, தெரியாம நடந்தது. ரெண்டாவது தடவை எச்சரிக்கை. மூணாவது தடவையும் அவன் மண்வெட்டியைத் தொடலைன்னா, ஊர்ல மடை உடைஞ்சதுன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான். மடையை உடைச்சான்னுதான் சொல்லுவான். ஒழுகும்னு தெரிஞ்சும் அடைக்காம விடறதை வேணும்னு செய்யறதுன்னு சொல்லாம வேற எப்படிச் சொல்றது?

எங்க மீஞ்சூர் பக்கத்துக் கதையும் இதுதான். பட்டணத்துக்கும் ஆலைக்கும் பல வருஷமா நிலத்தடித் தண்ணியை உறிஞ்சினாங்க. கிணத்துல உப்பு ஏறி, நெல்லு வச்ச எடத்துல புல்லு வளரல. இதுக்கு ஆபீஸ் பாஷை "கடல்நீர் உட்புகுந்தது". பம்பு போட்டவனைக் காணோம். கடல்தான் குத்தவாளி! கொண்டித்தொழுவுல கடலை அடைக்க முடியுமா?

2023 எண்ணெய்க்கு அரசாங்கம் மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் குடுத்துச்சு. அதுக்குப் பேரு நிவாரணம். நிவாரணம் புயலுக்குக் குடுக்கறது. அடுத்தவன் பயிரை மேய விட்டவன் கட்டறதுக்குப் பேரு தண்டம்.

அடுத்த மழைக்கு மறுபடியும் ஒரு "கசிவு" உங்க போனுக்கு வரும். ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி, யாரு கசிய விட்டாங்கன்னு கேட்டு அந்தப் பேரையும் சேர்த்து அனுப்புங்க.