ஈரமானி சொல்லும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

நெல் விற்கும் இடத்தில் இன்று ஈரமானியே தீர்ப்புச் சொல்கிறது. நெல் சந்தைப்படுத்தும் சபை 14 சதவீதத்துக்கு மேற்படாத ஈரப்பதனைக் கேட்கிறது. வியாபாரிகளும் ஈரத்தைக் காட்டி எடையில் கழிக்கிறார்கள். இடம்பெயர்ந்து, குத்தகைக் காணியில் கடன்பட்டு விதைத்தவர்களுக்கு இந்தக் கழிவு சிறிய விடயமன்று. 1,000 கிலோ நெல்லின் ஈரம் 15இலிருந்து 14 சதவீதத்துக்கு இறங்கினால் எடை ஏறத்தாழ 12 கிலோ குறையும். கருவி ஒரு சதவீதம் கூட்டிக் காட்டினால், நெல்லில் இல்லாத தண்ணீருக்காக அந்த 12 கிலோவை நாம் இழக்கிறோம்.

"துல்லியம் கூடக்குறைய 0.5 சதவீதம்" என்று ஒரு கருவியின் பெட்டியில் அச்சிட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது பொய்யென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதன்படியே பார்த்தாலும், 14.4 என்று காட்டும் நெல்லின் உண்மையான ஈரம் 13.9 ஆகவும் இருக்கலாம், 14.9 ஆகவும் இருக்கலாம். அந்த நெல்லைத் திருப்பி அனுப்ப அக்கருவி போதிய சாட்சியாகாது.

மேலும், ஈரமானி தண்ணீரை நேரே அளப்பதில்லை. நெல்லின் மின்தன்மையை உணர்ந்து, தொழிற்சாலையில் வகுத்த அட்டவணைப்படி அதை ஈரமாக மாற்றிச் சொல்கிறது. வேறு தானியத்துக்கு வகுத்த அட்டவணையில் வைத்தாலும், வெயிலில் காய்ந்த சூட்டோடு அளந்தாலும், பதரும் தூசியும் கலந்திருந்தாலும், மின்கலம் தளர்ந்தாலும் எண் மாறும். பெட்டியில் உள்ள வாக்குறுதி சுத்தமான நெல்லுக்கும் கையேட்டில் சொன்ன வெப்பநிலைக்குமே உரியது.

ஆகவே எமது கருத்து இதுதான்: நெல் நாளுக்கு நாள் காய்கிறதா என்று ஒப்பிட ஈரமானியை நம்பலாம், கடைசி அரைச் சதவீதத்துக்கு அதை நீதிபதியாக்கக் கூடாது.

விற்குமுன் நெல்லை நிழலில் ஆறவிடுங்கள். பல மூடைகளிலிருந்து எடுத்துக் கலந்து, மூன்று முறை அளந்து சராசரி பாருங்கள். கருவி இல்லாதோர் உலர்ந்த போத்தலில் நெல்லோடு சிறிது காய்ந்த உப்பை இட்டுக் குலுக்கிச் சற்றுநேரம் வைக்கலாம். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் சுமார் 15 சதவீதத்துக்கு மேல். நெல் இன்னும் காயவேண்டும்.

கொள்வனவு செய்பவரிடம், "இக்கருவியை எப்போது சரிபார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். தராசில் முத்திரை பார்க்கும் உரிமை நமக்கு உண்டு. ஈரமானியிடமும் அதையே கேட்போம். தனியொருவர் கேட்டால் தட்டிக்கழிப்பார்கள். சங்கமாகக் கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டும்.