நீலக் கண் கேட்ட குழந்தை

மே மாதம் வந்துவிட்டால் எங்கள் கிழக்குத் தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் பக்கமெல்லாம் வி.பி.எஸ். பேனர் கட்டிவிடுவார்கள். விடுமுறை வேதாகமப் பள்ளி என்று முழுப் பெயரையும் சொல்ல இப்போது யாருக்கும் பொறுமை இல்லை. காலையில் பிள்ளைகள் கலர் தொப்பி போட்டுக்கொண்டு வரிசையாகப் போவதும், மைக்கில் செய்கைப் பாட்டு கேட்பதும், கடைசி நாள் ஊர்வலமும் எனக்குப் பிடித்த காட்சிகள். இந்து வீட்டுப் பிள்ளைகளும் பாட்டுக்காகவும் பிஸ்கட்டுக்காகவும் கூடவே போவார்கள். லீவு போட்டு அதற்காக உழைக்கிற இளைஞர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதனால்தான் அவர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது.

சிறுவர் ஊழியத்தில் அடிக்கடி சொல்லப்படும் கதை ஏமி கார்மைக்கேல் அம்மையாருடையது. அயர்லாந்தின் வடபகுதியில் 1867ல் பிறந்தவர். சின்னக் குழந்தையாக இருந்தபோது, தனக்கு நீலக் கண் வேண்டும் என்று ராத்திரி ஜெபம் பண்ணிவிட்டுப் படுத்தார். காலையில் எழுந்து ஓடிப்போய்க் கண்ணாடியைப் பார்த்தால் அதே பழுப்புக் கண். பின்னாளில் திருநெல்வேலிச் சீமைக்கு வந்து, பொட்டுக் கட்டிவிட இருந்த சிறுமிகளைக் காப்பாற்றுவதற்காகச் சேலை கட்டி, தோலில் காப்பிச் சாயம் பூசிக்கொண்டு போனாராம். அப்போது அந்தப் பழுப்புக் கண்தான் அவரைக் காட்டிக்கொடுக்காமல் காத்தது. கதை அங்கே முடியும். பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

அழகான கதைதான். ஆனால் இதைக் கேட்கிற பிள்ளை என்ன நினைக்கும்? ஆண்டவர் இல்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், கொஞ்ச நாள் பொறுத்தால் அது நமக்குத் தெரிந்துவிடும் என்று நினைக்கும். போதாததற்கு டிராஃபிக் விளக்குப் படம் வேறு. பச்சை என்றால் ஆம், சிவப்பு என்றால் இல்லை, மஞ்சள் என்றால் பொறு. நான் முப்பது வருஷத்துக்கு மேல் அரசு ஆபீஸில் மனுக்களைப் பார்த்தவன். மனுவை நிராகரித்தால் காரணம் எழுதி அனுப்ப வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இந்தப் படம் கடவுளை ஒரு நல்ல சூப்பரின்டெண்டாக ஆக்கிவிடுகிறது. அவர் அப்படி ஒழுங்காகப் பதில் கடிதம் அனுப்புகிறவராக என் அனுபவத்தில் இல்லை.

2021 மே மாதம் எங்கள் தெருவில் ஒன்பது வயதுப் பெண் குழந்தை ஒன்றின் அப்பா கொரோனாவில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் செல்போனில் ஒன்றுகூடி அவருக்காக ஜெபித்தார்கள். பத்தாம் நாள் அவர் போய்விட்டார். துக்கம் விசாரிக்க வந்த ஓர் அம்மாள், விசுவாசத்தோடு கேட்டிருந்தால் நடந்திருக்கும் என்று குழந்தையின் காது படவே சொல்லிவிட்டுப் போனார். சில வாரம் கழித்து அது எங்கள் வாசலில் வந்து நின்று கேட்டது:

"தாத்தா, நான் சரியா கேக்கலையா?"

"நீ சரியாத்தான்மா கேட்டே" என்றேன்.

அதற்கு மேல் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் ஜெபத்தைச் செவிகொடுத்துக் கேட்பதற்கு 'எகூத்தே' என்று ஒரு சொல், கேட்டதைக் கொடுப்பதற்கு 'எக்ஸோசே' என்று வேறொரு சொல். நம் தமிழில் நாமும் கேட்கிறோம், அவரும் கேட்கிறார். சாட்சி சொல்லும்போது 'ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார்' என்றால், வேண்டியது கிடைத்தது என்றே அர்த்தம். அப்படியானால் கிடைக்காத பிள்ளை என்ன நினைத்துக்கொள்ளும்? அவர் காதில் விழவேயில்லை என்றுதானே? தமிழ் இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருப்பது எனக்குப் பிடிக்கும். ஆனால் சிறுபிள்ளைகளுக்கு அதைப் பிரித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நீலக் கண்ணுக்குப் பிறகும் அம்மையார் வாழ்வில் நிறைய இருக்கிறது. 1901ல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி வந்து சேர்ந்ததில் தொடங்கியது அந்தக் குழந்தைகள் இல்லம். அது நிலைபெற்ற ஊர் டோனாவூர். ஆரம்ப வருஷங்களில் கைக்குழந்தைகள் பலர் நோயில் இறந்தார்கள். அவர்களுக்கும் ஜெபம் செய்யாமலா இருந்திருப்பார்கள்? குழந்தைகளை வளர்த்ததில் அவருக்கு வலக்கையாக இருந்த பொன்னம்மாள் புற்றுநோயில் பாடுபட்டு 1915ல் இறந்தார்.

அப்புறம் 1931 அக்டோபர் 24. என் மனைவிக்குச் சொந்த ஊர் களக்காடு பக்கம். அந்த ஊரில்தான் இது நடந்தது. ஒரு வீட்டைப் பார்வையிடப் போன இடத்தில், வெட்டி வைத்திருந்த குழியில் அம்மையார் விழுந்தார். கால் முறிந்தது, முதுகும் அடிபட்டது. எழுந்து நடமாட வேண்டும் என்று டோனாவூர் முழுக்க ஜெபித்தது. 1951 ஜனவரி 18ல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் தம் அறையிலேயேதான் கிடந்தார். படுத்தபடியே புத்தகங்கள் எழுதினார், உண்மைதான். அதற்காகத்தான் ஆண்டவர் குழியில் தள்ளினார் என்று யாராவது கதை முடித்தால் எனக்குக் கோபம் வரும். பழுப்புக் கண்ணுக்குக் காரணம் கிடைத்தது. குழிக்குக் கிடைக்கவில்லை. இரண்டுக்கும் அவர் ஒரே ஆண்டவரைத்தான் நம்பினார். எனக்கு இந்த இரண்டாம் பாதிதான் பெரிதாகப் படுகிறது.

இதைச் சொன்னால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்கிறார் எங்கள் பக்கத்து வி.பி.எஸ். டீச்சர். கெத்செமனேயில் இயேசுவே அந்தப் பாத்திரம் தம்மை விட்டு நீங்க வேண்டும் என்று கேட்டார், நீங்கவில்லை. அதைப் பெரிய வெள்ளிக்குப் பிள்ளைகள் நாடகமாகவே போடுகிறார்கள், யாரும் பயந்ததாகத் தெரியவில்லை. அப்பா இல்லாத பிள்ளை, அம்மா டயாலிசிஸுக்குப் போகிற பிள்ளை எல்லாம் அந்தக் கலர் தொப்பிக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. கைதட்டச் சொன்னால் அதுவும் தட்டுகிறது.

பத்து நாளில் ஒரு நாள் போதும். நீலக் கண் கதையைச் சொல்லுங்கள், மறுநாள் களக்காட்டுக் குழியையும் சொல்லுங்கள். டோனாவூரில் அவர் கல்லறை மேல் கல் வைக்கவில்லை, அவர் விருப்பப்படி. பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்திருக்கிறார்கள் என்றும் சொல்லுங்கள், குழந்தைகளுக்கு அது பிடிக்கும். ஃபிராங்க் ஹூட்டன் ஆங்கிலத்தில் எழுதிய அம்மையாரின் வரலாறு என்னிடம் இருக்கிறது. பாடம் தயாரிக்கிற டீச்சர்கள் வந்து வாங்கிக்கொண்டு போகலாம். அட்டை கிழிந்திருக்கிறது, பார்த்துப் புரட்ட வேண்டும். திருப்பியும் தந்துவிட வேண்டும்.