ஏழாம் எண் சட்டையின் பாரம்

பத்தொன்பது வயது இளைஞர் ஒருவரின் எதிர்காலத்தை எத்தனை ஆட்டங்களைக் கொண்டு முடிவு செய்யலாம்? ஐந்தா, பத்தா, ஐம்பதா? ஆஸ்திரேலியாவின் சிட்னி, பிரிஸ்பன் நகரங்களில் தேசிய ரக்பி லீக் போட்டிகள் நடக்கும் காலத்தில், வேலையிடங்களிலும் பேருந்துகளிலும் குடும்ப விருந்துகளிலும் இந்தக் கேள்வி எழாத ஆண்டே இல்லை எனலாம். ஏதாவது ஓர் அணியில் ஓர் இளம் ஹாஃப்பேக் தடுமாறுவார். அணி தொடர்ந்து தோற்கும். உடனே ரசிகர்கள் இரண்டு பிரிவாகப் பிரிந்துவிடுவார்கள். “அவரை நீக்குங்கள்” என்பது ஒரு பிரிவு. “பொறுத்திருங்கள்” என்பது மற்றொரு பிரிவு.

இந்த விவாதத்தைப் புரிந்துகொள்ள, முதலில் ஹாஃப்பேக்கின் பணி என்ன என்பதை அறிய வேண்டும். ரக்பி லீக்கில் ஓர் அணிக்கு 13 பேர். ஆட்ட நேரம் 80 நிமிடம். பந்தை வைத்திருக்கும் அணியை எதிரணி ஆறு முறை தடுத்து வீழ்த்திவிட்டால், பந்து கைமாறிவிடும். ஆகையால், ஐந்தாவது முறை வீழ்த்தப்பட்டவுடன் அடுத்த நகர்வை நொடிப்பொழுதில் முடிவு செய்தாக வேண்டும். பந்தை வானளாவ உதைப்பதா? தரையோடு உருட்டி விடுவதா? உதைக்காமல் ஓடுவதா? பெரும்பாலும் அந்த முடிவை எடுப்பவர் 7ஆம் எண் சட்டை அணிந்த ஹாஃப்பேக்தான். அதே வேளையில், அணியில் உடலளவில் சிறியவர்களுள் ஒருவராகவும் அவர் இருப்பார். நூறு கிலோவுக்கும் மேல் எடையுள்ள எதிரணி ஆட்டக்காரர்கள் வேண்டுமென்றே அவரை நோக்கி ஓடிவருவார்கள். அவர்களைத் தடுத்து எழுந்த கையோடு, அணிக்கு வழிகாட்டவும் வேண்டும்.

இங்கே ஓர் உண்மையைக் கவனியுங்கள். முன்வரிசை ஆட்டக்காரர் ஒருவர் செய்யும் சிறு பிழை அடுத்த நிமிடமே மறந்துபோகும். ஹாஃப்பேக்கின் உதை எல்லைக்கோட்டைத் தாண்டினால், அரங்கமே அதைக் காணும். அதனால்தான் தோல்விக்குக் காரணம் தேடும்போது எல்லாருடைய விரலும் அவரையே சுட்டுகிறது.

நீக்க வேண்டும் என்று சொல்பவர்களின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இது சம்பளம் பெற்று ஆடும் தொழில்முறை விளையாட்டு. களத்தில் இறங்கும் மற்ற 12 பேரும் உடலை வருத்தி உழைக்கிறார்கள். ஒருவர் கற்றுக்கொள்வதற்காக அவர்களுடைய உழைப்பு வீணாகலாமா என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு கிளப்பும் ஆட்டக்காரர்களின் ஊதியத்திற்குச் செலவிடும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. ஒருவருக்குக் கொடுத்த பணத்தை இன்னொருவருக்குக் கொடுக்க இயலாது. மேலும், நுழைவுச்சீட்டு வாங்கி மழையிலும் குளிரிலும் வந்து அமரும் ரசிகருக்கு வெற்றியை எதிர்பார்க்கும் உரிமை இல்லையா? இவை நியாயமான கேள்விகள்.

பொறுத்திருக்க வேண்டும் என்பவர்கள், அனுபவத்தைக் கடையில் வாங்க முடியாது என்கிறார்கள். பயிற்சித் திடலில் எத்தனை முறை உதைத்துப் பழகினாலும், களைத்த கால்களோடு, இரண்டு புள்ளிகள் பின்தங்கிய நிலையில், ஆயிரக்கணக்கானோர் கூச்சலிடும்போது உதைப்பது வேறு. அதைக் களத்தில்தான் கற்க முடியும். இதுவும் உண்மையே.

என் கருத்தில், இரு பிரிவினரும் ஆட்டக்காரரை மட்டுமே பார்க்கிறார்கள். அவரைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதைப் பார்க்கத் தவறுகிறார்கள். இதற்கு லூக் புரூக்ஸின் கதை தக்க சான்று. அவர் 2013ஆம் ஆண்டில், 18 வயதில் வெஸ்ட்ஸ் டைகர்ஸ் அணிக்காக முதன்முதலில் களமிறங்கினார். ஆஸ்திரேலியாவின் தலைசிறந்த ஹாஃப்பேக்குகளுள் ஒருவரான ஆண்ட்ரூ ஜான்ஸுடன் அவரை ஒப்பிட்டார்கள். பாவம், அந்த ஒப்பீடே அவருக்குச் சுமையாகிவிட்டது. 2018ஆம் ஆண்டில் அவர் சிறந்த ஹாஃப்பேக்குக்கான டாலி எம் விருதைப் பெற்றபோதும் விமர்சனம் ஓயவில்லை. டைகர்ஸ் அணிக்காக 200க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ஆடியும், ஒருமுறைகூட அவர் இறுதிச்சுற்று ஆட்டங்களில் கால் வைக்கவில்லை. அந்தக் காலத்திற்குள் மிக் பாட்டர், ஜேசன் டெய்லர், ஐவன் கிளியரி, மைக்கல் மகுவயர், டிம் ஷீன்ஸ் எனப் பயிற்றுநர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். புதிய பயிற்றுநர் வந்தால் புதிய திட்டமும் வரும். நேற்றுவரை சரி என்று கற்றதை இன்று மறக்க வேண்டும். பாத்தியை ஆண்டுதோறும் மாற்றி மாற்றி நட்டுவிட்டு, செடி வேர்விடவில்லை என்று குறை சொன்னால் எப்படி?

2024ஆம் ஆண்டில் புரூக்ஸ், மேன்லி அணிக்கு மாறினார். அங்கே அனுபவம் மிக்க டேலி செர்ரி-எவன்ஸ் அவருக்குத் துணையாக இருந்தார். அந்த ஆண்டே புரூக்ஸ் தம் முதல் இறுதிச்சுற்று ஆட்டத்தில் ஆடினார். அவர் போய்விட்டதால் டைகர்ஸ் உயர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. 2022, 2023ஆம் ஆண்டுகளில் கடைசி இடத்தில் இருந்த அந்த அணி, 2024ஆம் ஆண்டிலும் அதே இடத்தில்தான் இருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சில வேளைகளில் கூடமே கோணலாக இருக்கவும் கூடும் என்பதை இந்தக் கதை உணர்த்துகிறது.

பிரோடி கிராஃப்டின் அனுபவமும் ஏறக்குறைய இதுதான். மெல்பர்ன் ஸ்டார்ம் அணியில் இடத்தை இழந்த அவர், 2020ஆம் ஆண்டில் பிரிஸ்பன் பிராங்கோஸ் அணிக்குச் சென்றார். அந்த ஆண்டு பிராங்கோஸ் தன் வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடத்தைப் பிடித்தது. பழியில் பெரும்பங்கு கிராஃப்டின் தலையில் விழுந்தது. பின்னர் அவர் இங்கிலாந்தின் சால்ஃபர்ட் அணியில் சேர்ந்தார். 2022ஆம் ஆண்டில், அந்நாட்டின் சூப்பர் லீக்கில் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்குரிய ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ விருது அவரைத் தேடி வந்தது. இரண்டு போட்டிகளின் தரம் வேறு என்று சிலர் வாதிடலாம். ஆயினும், “இவருக்கு ஆட்டமே வராது” என்று தீர்ப்பு எழுதியவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்பதை மறுக்க முடியாது.

அப்படியானால், தடுமாறும் இளைஞரை எந்த நிலையிலும் நீக்கவே கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. சாம் வாக்கர் 2021ஆம் ஆண்டில், 18 வயதில் சிட்னி ரூஸ்டர்ஸ் அணியில் அறிமுகமானார். அந்த ஆண்டின் வெளியேற்றச் சுற்றில் அவர் உதைத்த ஒரு புள்ளியால் ரூஸ்டர்ஸ், கோல்ட் கோஸ்ட் டைட்டன்ஸ் அணியை 25-24 என்று வென்றது. ஆனால், 2023ஆம் ஆண்டில் அவரது ஆட்டம் தளர்ந்தது. பயிற்றுநர் டிரென்ட் ராபின்சன் அவரை இரண்டாம் நிலைப் போட்டிக்கு அனுப்பினார். அவருடைய வளர்ச்சி முடிந்துவிட்டது என்று சிலர் புலம்பினார்கள். ஆண்டின் பிற்பகுதியில் அவர் முதல் அணிக்குத் திரும்பினார். குரோனல்லாவுக்கு எதிரான வெளியேற்றச் சுற்றில் ரூஸ்டர்ஸ் 13-12 என்று வென்றபோது, வெற்றிப் புள்ளியை உதைத்தவர் அதே வாக்கர்தான்.

புரூக்ஸின் கதை பொறுமையின் தேவையைக் காட்டுகிறது என்றால், வாக்கரின் கதை ஓய்வின் பயனைக் காட்டுகிறது. கீழ்நிலைப் போட்டிக்கு அனுப்புவது தண்டனையாகத்தான் அமைய வேண்டும் என்பதில்லை. அங்கே பரபரப்பு குறைவு. பிழையைத் திருத்திக்கொள்ள நேரம் அதிகம். ஆனால், அனுப்பும்போது எதைத் திருத்த வேண்டும், எப்போது திரும்பலாம் என்பதைப் பயிற்றுநர் தெளிவாகச் சொல்ல வேண்டும். காரணம் சொல்லாமல் ஒதுக்கி வைப்பது வேறு. கற்றுவர அனுப்புவது வேறு.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். “டேலி செர்ரி-எவன்ஸ் 2011ஆம் ஆண்டில், தம் முதல் பருவத்திலேயே மேன்லி அணியோடு வெற்றிக் கிண்ணத்தை ஏந்தினாரே! திறமை இருந்தால் உடனே வெளிப்படாதா?” என்று கேட்பார்கள். அவர் திறமைசாலிதான், ஐயமில்லை. எனினும், அவர் நுழைந்தது அனுபவசாலிகள் நிறைந்த அணிக்குள். நேத்தன் கிளியரியையும் எண்ணிப் பாருங்கள். பென்ரித் அணியுடன் 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு முறை வாகை சூடியவர் அவர். ஆனால், அவர் அறிமுகமானது 2016ஆம் ஆண்டில். 2019ஆம் ஆண்டில் பென்ரித் இறுதிச்சுற்றுக்கே தகுதி பெறவில்லை. 2020ஆம் ஆண்டில் மாபெரும் இறுதி ஆட்டத்தில் தோற்றது. அந்தத் தோல்விகளின்போதே பென்ரித் அவரைக் கைவிட்டிருந்தால், பிறகு வந்த வெற்றிகள் யாருக்குக் கிடைத்திருக்கும்?

பொறுமை என்பது முடிவில்லாத காத்திருப்பும் அன்று. சிலர் எவ்வளவு வாய்ப்புக் கொடுத்தாலும் அந்த இடத்திற்குப் பொருந்த மாட்டார்கள். அவர்களிடம் உண்மையை மறைப்பது கருணை ஆகாது. வேறு இடத்தில் ஆடிப் பார்க்கவோ, வேறு அணிக்குச் செல்லவோ அவர்களுக்கு வழிகாட்ட வேண்டும். அந்த முடிவைப் பல மாதங்களின் உழைப்பைப் பார்த்து எடுக்க வேண்டுமே தவிர, ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தோல்வியின் சூட்டில் எடுக்கக் கூடாது. பதறாத காரியம் சிதறாது அல்லவா?

ரசிகர்களுக்கும் இதில் பங்கு உண்டு. “அந்த உதை தவறு” என்று சொல்வது விமர்சனம். அதிலிருந்து ஆட்டக்காரர் கற்கலாம். “நீ எதற்கும் உதவாதவன்” என்று சொல்வது வசை. அதிலிருந்து எவரும் எதையும் கற்க முடியாது. அரங்கில் எழும் ஏளனக் கூச்சலும் கைப்பேசியில் வந்து விழும் இழிசொல்லும் இருபது வயது உள்ளத்தில் பயத்தை விதைக்கும். பயந்த ஹாஃப்பேக், தவறு நேராத எளிய வழியை மட்டுமே தேடுவார். துணிந்து ஆட மாட்டார். பிறகு, “இவரிடம் துணிவில்லை” என்று அதே ரசிகர்களே குறை கூறுவார்கள்.

பிழை செய்யாத ஹாஃப்பேக் உலகில் இல்லை. 2015ஆம் ஆண்டின் மாபெரும் இறுதி ஆட்டம் 16-16 என்று சமநிலையில் இருந்தபோது, வெற்றிக்கான உதையை உதைத்தவர் ஜோனத்தன் தர்ஸ்டன். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கூடுதல் நேரம் தொடங்கியது. சில நிமிடங்களில் அவரே மீண்டும் உதைத்தார். இம்முறை பந்து கம்பங்களுக்கு நடுவே பறந்தது. வட குவீன்ஸ்லாந்து கௌபாய்ஸ் 17-16 என்று வென்று முதன்முறையாகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. இளம் வயதில் உடல் சிறியது என்று பல கிளப்புகள் பொருட்படுத்தாமல் விட்ட ஆட்டக்காரர் அவர்.

முதல் உதை தவறிய பிறகும் பந்தை அவர் கையில் கொடுக்கச் சக ஆட்டக்காரர்கள் தயங்கவில்லை. தடுமாறும் ஒவ்வோர் இளம் ஹாஃப்பேக்குக்கும் வேண்டியது அந்த நம்பிக்கைதான். கிளப் அவருக்கு நிலையான பயிற்சியையும் அனுபவமுள்ள துணையையும் கொடுக்கட்டும். பயிற்றுநர் உண்மையைச் சொல்லட்டும். ரசிகர்கள் ஆட்டத்தை விமர்சித்து ஆளை விட்டுவிடட்டும். இவ்வளவும் செய்த பிறகு அவருடைய எதிர்காலத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதே நியாயம்.