ஈரம் படாத காகிதம்

மும்பை மாதுங்காவில் 1923 முதல் நிலைபெற்றிருக்கும் வி.ஜே.டி.ஐ. பொறியியல் கலாசாலையும், 1937-இல் தோன்றிய ருயா கலாசாலையும், ரசாயனத் தொழில்நுட்பக் கழகமும் நிற்கிற வீதிகளிலிருந்து தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டுக்கு நடந்தே போய்விடலாம். அவ்வளவு சமீபத்தில் இருந்தும், பிளாஸ்டிக்கின் ரசாயனத்தைப் புஸ்தகத்தில் கற்கும் வித்யார்த்தி, அதே பிளாஸ்டிக்கைத் தட்டிப் பார்த்து ஓசையாலும் கொளுத்திப் பார்த்து வாசனையாலும் இனம் கண்டுவிடுகிற தொழிலாளியைச் சந்திப்பதே இல்லை. வித்யார்த்தி எறிந்த பாட்டில் மாத்திரம் தொழிலாளியின் கைக்குப் போய்ச் சேருகிறது.

அந்தக் காம்பவுண்டில் நடப்பதைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். மும்பையின் பல திசைகளிலிருந்தும் கோணிகளில் வந்து இறங்கும் பங்கார் என்கிற பழைய சாமான், முதலில் இனவாரியாகவும் நிறவாரியாகவும் பிரிக்கப்பட்டு, அரைவை இயந்திரத்தில் சில்லுகளாகி, தொட்டியில் அலசப்பட்டு, கூரைகளின்மேல் வெயிலில் காய்ந்து, உருகிக் கம்பிகளாக நீண்டு, மணிமணியாக நறுக்கப்பட்டு, மறுபடியும் தொழிற்சாலைக்குப் போகிறது. இந்த வரிசையில் பெண்கள் குந்தி உட்கார்ந்து சொற்பக் கூலிக்குச் செய்யும் முதற்படியாகிய பிரித்தலைக் கஷ்டமாக்கியிருப்பவர்கள் நாம்தாம். சாம்பாரில் ஊறிய காகிதம் காகிதமாக விலைபோவதில்லை. சோறு அப்பிய டப்பாவைக் கழுவும் தண்ணீரும் நேரமும் அதன் விலையையே விழுங்கிவிடுகின்றன. ஈரமும் உலர்ந்ததும் ஒரே தொட்டியில் விழுகிற அந்த க்ஷணத்திலேதான் நல்ல வஸ்து குப்பையாகிறது. அதற்குப் பிறகு எத்தனை சுவரொட்டிகள் ஒட்டினாலும், எத்தனை பிரசங்கங்கள் செய்தாலும் பிரயோஜனம் இல்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

கலாசாலையில் கழிவதோ பெரும்பாலும் நல்ல சரக்கு: ஒருபுறம் மட்டும் எழுதிய பிராக்டிகல் ஜர்னல்கள், அட்டைப் பெட்டிகள், பாட்டில்கள். இவற்றில் ஈரம் படாமல் காப்பது பெரிய வித்தையல்ல. குப்பையே உண்டாகாமல் செய்வது அதைவிட மேலானது. உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பை வருவதற்கு முன், கண்ணாடி கிளாஸில் சாயாவும் எவர்சில்வர் தட்டில் இட்லியும் கொடுத்துக் கழுவி வைத்தவர்கள்தாமே நாம்?

பிரிக்காமல் எறிவதன் முடிவையும் நாம் கண்டிருக்கிறோம். செம்பூரை அடுத்த தேவ்னாரில் 1927 முதல் கொட்டிக் கொட்டி மலையாகிவிட்ட குப்பை, 2016 ஜனவரியில் நாட்கணக்கில் எரிந்து ஊரைப் புகையில் ஆழ்த்தியதை அந்தப் பக்கத்துத் தமிழர்கள் மறந்திருக்க முடியாது. மக்கும் கழிவு காற்றில்லாமல் அழுகும்போது பிறக்கும் மீத்தேன் வாயுவே இப்படிப்பட்ட தீக்கு உணவு. அதே ஆண்டில் மத்திய அரசு வகுத்த விதிகள், 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட ஸ்தாபனங்கள் குப்பையைத் தம் இடத்திலேயே பிரித்து, மக்குவதைக் கூடியவரை அங்கேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்றி, மற்றதை அங்கீகாரம் பெற்ற குப்பை சேகரிப்போரிடமோ மறுசுழற்சி செய்வோரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்றன. சமையற்கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் 'நிஸர்க்ருண' முறையை வகுத்துத் தந்ததோ, செம்பூருக்கு அப்பால் டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையம். சட்டமும் இருக்கிறது, சாஸ்திரமும் இருக்கிறது.

ஆகவே கலாசாலை முதல்வர்களுக்கு என் விண்ணப்பம் இரண்டே. ஜூன் மாதம் கலாசாலை திறக்கும்போது, கான்டீன் வாசலில் ஈரத்துக்கு ஒன்றும் உலர்ந்ததற்கு ஒன்றுமாக இரண்டு தொட்டிகளை வையுங்கள். முதலாண்டு மாணவர்களை ஒரு பிற்பகல் பதின்மூன்றாம் காம்பவுண்டுக்கு அழைத்துச் சென்று, அங்கே பிரிக்கிற பெண்களிடம் பாடம் கேட்கச் செய்யுங்கள். அந்தப் பாடத்துக்கு உரிய சன்மானத்தையும் அவர்களுக்குக் கொடுங்கள்.